புயலுக்கு ஒதுங்கிய கப்பலில் புஷ்பம்

ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத்துச் சந்துகளில், வானம் இருட்டினாலே தண்ணீர் தேங்கத் தொடங்கும் சந்து ஒன்று உண்டு. அங்கே தரைத்தளத்து அறை ஒன்றில் புஷ்பம் புடவை மடிக்கிறாள். பட்டுப்புடவைக்கு முன்கூட்டியே கொசுவம் வைத்து, தேய்த்து, முந்தானை மடிப்பைப் படிய வைத்து, ஊக்கு குத்தி, பெட்டி மாதிரி மடித்துக் கொடுப்பது அவள் தொழில். கல்யாணப் பெண் விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து நின்றால் போதும், எடுத்துச் சுற்றிச் செருகினால் முடிந்தது. கட்டிவிடவும் ஆள் வேண்டும் என்றால் புஷ்பமே மண்டபத்துக்குப் போவாள்.

புடவை மடிக்கக்கூட ஓர் ஆளா என்று கேட்கும் அறிவாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் துவைத்த துணியை இத்தனை வருஷமாக மடித்துவைத்தது யார் என்று அவர்களைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில், பட்டுப் பிரிவில், பதினோரு வருஷம் நின்றாள். வேலை பார்த்தாள் என்று எழுதுவது வழக்கம். நின்றாள் என்பதுதான் உண்மை. கடை திறக்கும்போது நிற்கத் தொடங்கினால் ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை, காபி, விசிறல். விற்கிறவளுக்குத் தரை. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துக்கொண்டது. கடைத் தொழிலாளிக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது கடைக்குப் புது ஸ்டூல்கள் வந்தன. முதலாளி கனகராஜ் அவற்றின்மேல் பரிசுப் பெட்டிகளை அடுக்கி அலங்காரம் செய்தார். புஷ்பம் ஒரு ஸ்டூலிலிருந்து பெட்டியை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். மறுநாளே அவளைப் பட்டிலிருந்து எடுத்து, கீழ்த்தளத்தில் துண்டும் கைலியும் விற்கப் போட்டார்கள். அந்த வாரமே கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் புருஷன் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் விஜயவாடா சாலையில். அவன் ஊரில் இல்லாத ஒரு நாளில் அவளே அலமாரி வாங்கிப் போட்டு அறையைத் திறந்துவிட்டாள்.

கனகராஜ் பிறக்கும்போதே முதலாளி இல்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, சித்தப்பா கடையில் துணி மூட்டை சுமந்தவர்தான். சுமந்த முதுகு மறந்துவிட்டது. இப்போது பெசன்ட் நகரில் கடல் தெரியும் வீடு. ஜன்னலில் கடல் வேண்டும், ஆனால் பக்கத்துக் குப்பத்து மீன் வாசனை மட்டும் வரக் கூடாது என்று அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தவர்.

அவர் மகள் சரண்யாவுக்கு நகைக்கடை மாணிக்கவாசகத்தின் மகனைப் பேசி முடித்தார்கள். ஜாதகத்தில் ஏதோ இடித்தது. மயிலாப்பூர் ஜோசியர் வேதாந்தத்திடம் போனார்கள். கடல் தாண்டிய மண்ணில் நிச்சயதார்த்தம் நடந்தால் தோஷம் விலகும் என்று அவர் சொன்னார். சாதாரண மனுஷன் ராமேஸ்வரத்துக்கு ரயில் ஏறியிருப்பான். கனகராஜ் கப்பல் எடுத்தார். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, நடுவே ஒரு நாள் கடல், மூன்றாம் நாள் காலை திருகோணமலையில் இறங்கி, கோயிலில் தாம்பூலம் மாற்றி, மறுபடி கப்பல். உறவுக்காரர்கள் ஐம்பது பேர். கார்த்திகை மாதம். அந்த மாதத்தில் அந்தத் தீவுக்கு டிக்கெட் ஏன் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று ஒரு ஜவுளி வியாபாரிக்கா சொல்லித்தர வேண்டும்? ஆடித் தள்ளுபடியில் எதையெல்லாம் தள்ளிவிடுகிறோம் என்று தெரிந்தவர்தானே.

புடவை கட்டிவிடப் புஷ்பத்தைக் கூப்பிட முதலாளியின் மனைவி தேவானையே சந்துக்குள் இறங்கி வந்தாள்.

"ஏட்டி புஷ்பம், வேற எவ கட்டினாலும் சரண்யா இடுப்புல நிக்க மாட்டேங்கு. நீதான் வரணும். பாஸ்போர்ட் எல்லாம் அவுக எடுத்துத் தாராக."

"கார்த்திகை கடைசி முகூர்த்தத்துக்கு ரூம் முழுக்கப் பொடவை கீதும்மா."

"நாலு நாளுதான். வந்து குடுத்துக்கிடலாம்லா?"

மார்கழி பிறந்தால் கல்யாணம் கிடையாது. அதனால் கார்த்திகைக் கடைசியில் அந்த அறை புடவைகளால் மூச்சு முட்டும். நர்ஸ், பள்ளிக்கூட டீச்சர், வங்கியில் கூட்டிப் பெருக்குகிறவளின் மகள் என்று பலர் சீட்டுக் கட்டி வாங்கிய பட்டு. ஒருத்திக்கு ஒன்றுதான் இருக்கும், வேறு கிடையாது. அதையெல்லாம் நினைத்துத் தயங்கினாள். கப்பலையும் ஒரு தரம் பார்த்துவிடலாமே என்ற ஆசை தயக்கத்தைத் தின்றது. மடித்து முடித்ததைப் பெயர் எழுதிக் குத்தி அலமாரியில் அடுக்கினாள். கதவைப் பூட்டி, சாவியை இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போதே அவள் கேட்டாள்.

"மொதலாளி, டிவில காத்தழுத்தம்னு சொல்லிக்கினு கீறான். பொயலா மாறுமாமே."

"அவன் வருசா வருசம் சொல்லுவான். ஆந்திராவுக்குப் போயிரும். கப்பல்காரனுக்குத் தெரியாதா?"

கப்பல்காரனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் டிக்கெட்டின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தான்: வானிலையை முன்னிட்டுத் துறைமுகம் மாறும், விடுபடும், தாமதமாகும், அதற்கு யாரும் எதுவும் கேட்க முடியாது. ஐம்பது பேரில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

புஷ்பத்துக்கு ஜன்னல் இல்லாத அறை, சீர்த்தட்டுகளோடு. மறுநாள் மதியத்துக்குள் கடல் தன் வேலையைக் காட்டியது. காற்றழுத்தம் இலங்கைக் கரையோரம் புயலாகிவிட்டது. பொன்னும் பட்டுமாய் ஏறின கூட்டம் படுக்கையிலும் பாத்ரூமிலும் சுருண்டு கிடந்தது. மாணிக்கவாசகம் கழுத்துச் சங்கிலிக்கு மேல் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கப்பல் முழுகினால் எல்லோரும் ஓடும்போது தான் முதல் ஆளாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு.

சாயங்காலம் ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். திருகோணமலைத் துறைமுகத்தை மூடிவிட்டார்கள், கப்பல் தீவுக்குப் போகாது, புயலுக்கு ஒதுங்கித் தென்கிழக்கே ஆழ்கடலுக்குப் போகிறது. கேட்டதும் கனகராஜுக்கு வாந்தி நின்றுவிட்டது. கப்பலின் விசாரணைக் கவுன்டருக்குப் போனார். அங்கே இருந்தவன் ஷோயப், திருவல்லிக்கேணிக்காரன், காலையிலிருந்து திட்டு வாங்கி வாங்கி முகம் மரத்துப்போனவன்.

"தம்பி, தீவு கண்ணுக்குத் தெரியுற தூரத்துலதான இருக்கு?"

"இல்ல சார். நாம அதுக்கு எதிர்ப்பக்கம் போய்க்கினு கீறோம்."

"ஒரு சின்ன போட்டு இறக்கிவிடுங்க. நாங்க நாலு பேரு மட்டும் போயி, பத்து நிமிசம், மண்ணுல நின்னுட்டு வந்துருதோம்."

"சார், வெளிய அலை நாலு மாடி ஒசரம் அடிக்குது."

"அப்ப அந்த மண்ணாவது ஒரு மூட்டை எடுத்தாரச் சொல்லுங்க."

ஷோயப் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நாளைக்கு பஃபேல இலங்கைச் சாப்பாடு போடறோம் சார். அது வேணா எக்ஸ்ட்ரா வாங்கிக்கங்க."

மூன்றாம் நாள் விடிந்தபோது கடல் படுத்துக்கிடந்தது. பளிச்சென்று வெயில். கப்பல் புயலின் முதுகுப்பக்கம் வந்துவிட்டது. நேற்று செத்துக்கிடந்த கூட்டம் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்து, தீவைக் காணோமே என்று கப்பல் கம்பெனியைத் திட்டியது. புயல் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. தங்களை விட்டுப் போன புயல் இல்லாமல் போன புயல் என்பது இவர்கள் கணக்கு.

நிச்சயதார்த்த நேரம் பத்தரைக்குள். கடல் தாண்டிய மண்ணுக்கு எங்கே போவது? மேல்தளத்தில் நீச்சல் குளத்தோரம் பெரிய பூந்தொட்டிகளில் பனைபோல ஏதோ செடி நின்றது. மாணிக்கவாசகம்தான் அதைக் கண்டுபிடித்தார்.

"சம்பந்தி, இந்தத் தொட்டியில இருக்கறதும் மண்ணுதான? கடலுக்கு மேலதான இருக்கு?"

"இருக்கு. ஆனா சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்."

சாமி என்றால் ஜோசியர். ஐம்பது பேருக்குக் கப்பல் எடுத்த கனகராஜ், கப்பல் நெட்டை மட்டும் தன் ஒரே போனுக்கு வாங்கியிருந்தார். மற்றவர்கள் அதற்கு வரிசையில் நின்றார்கள். சரண்யாவின் அறையில் புஷ்பம் புடவைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சரண்யா பாவாடை ரவிக்கையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்று கனகராஜ் ஸ்பீக்கரில் வேதாந்தத்தைப் பிடித்தார்.

"சாமி, நல்லா இருக்கியளா? தீவுக்குப் போவ முடியல. பூந்தொட்டி மண்ணு ஆவுமா?"

மறுமுனையில் இரைச்சல். "சார், இங்க புயல் சென்னைக்கு நேரா வந்துடுத்து. ராத்திரியிலேர்ந்து கொட்டிண்டிருக்கு. ஆத்துக்குள்ள முழங்கால் ஜலம். நான் பஞ்சாங்கத்தையெல்லாம் பரண்ல ஏத்திட்டு கட்டில் மேல நின்னுண்டிருக்கேன்."

"அப்படியா. பாத்து இருங்க சாமி. பூந்தொட்டி ஆவுமா, ஆவாதா?"

"கடல் தாண்டின மண்ணுன்னு நான் ராமேஸ்வரத்தைத்தான் சொன்னேன் சார். நீங்க கப்பல்ல போறேள்னு போன வாரம்தானே எனக்கே தெரியும். எதுல வேணா பண்ணுங்கோ. ஃபிரிட்ஜ் மெதக்கறது, நான் அப்புறம் பேசறேன்."

போன் நின்றது. ராமேஸ்வரம் என்ற சொல் காதில் விழாத மாதிரி கனகராஜ் திரும்பி, "சரின்னுட்டாரு" என்றார்.

புஷ்பம் கொசுவத்தைப் பிடித்த கையோடு நின்றாள். ஜோசியர் வீடு வாசலில் ஆறு படி ஏறிப் போகும் வீடு, அவளும் ஒரு தரம் தேவானையோடு போயிருக்கிறாள். அங்கே முழங்கால் என்றால் அவள் சந்தில் என்ன? அலமாரியின் கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. பட்டு நனைந்தால் சாயம் இறங்கும், ஜரிகை கறுக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்ட வேண்டியவர்களுக்கு வேறு புடவையும் இல்லை, அந்த விலையைக் கொடுக்கப் புஷ்பத்துக்கு ஏழு ஜன்மமும் போதாது. அறை போனால் மறுபடி ஏதாவது கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

"மொதலாளி, அந்த போனை ஒரு நிமிசம் குடுங்க. மாடில கீற டெய்லர் பாய்க்குப் போட்டு, பொடவையெல்லாம் மேல தூக்கச் சொல்லணும்."

"இரும்மா. போட்டோக்காரன் நேரலை போடணுமாம், மாப்பிள்ளையோட பாட்டனார் சிங்கப்பூர்லருந்து பாக்காரு. அது முடியட்டும்."

"முடியறதுக்குள்ள என் ரூம் முழுகிடும்."

"வந்து பாத்துக்கிடலாம். சென்னைன்னா தண்ணி வரத்தான் செய்யும். நேரம் ஆவுது, புடவையக் கட்டு."

கவுன்டருக்கு ஓடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கவுன்டரில் தீவுக் காசைத் திருப்பிக் கேட்டு நிற்கும் கூட்டம் மதியம்வரை கலையாது. புஷ்பம் புடவையைப் பெட்டியில் திரும்ப மடித்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னட்டி பண்ணுத?" என்றாள் தேவானை.

"உக்காந்துகினு கீறேம்மா."

"நேரம் போவுதுட்டி."

"எனக்கும்தான் போவுது. போன் வந்தா கட்டறேன்."

தேவானை பெட்டியைப் பிடுங்கிப் பார்த்தாள். புஷ்பம் தடுக்கவில்லை. தேவானையும் இரண்டு சித்திமாரும் சரண்யாவைச் சுற்றி நின்று பிரித்தார்கள். மடிப்புக்குள் மடிப்பாக ஊக்கு போட்ட புடவை அது, எந்த ஊக்கை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. ஒரு சித்தி தப்பான ஊக்கை உருவ, கொசுவம் முழுக்கச் சரிந்து காலடியில் விழுந்தது. கடையில் ஆயிரம் புடவை விற்கும் குடும்பம், ஒரு புடவையைக் கட்டத் தெரியாமல் முழித்தது.

கனகராஜ் குரலை உயர்த்தினார். "ஒனக்கு என்ன வேணும்? காசு சேத்துத் தரணுமா?"

"காசு கேட்டனா நானு? போன் கேட்டேன்."

"அன்னைக்கு ஸ்டூல்ல உக்காந்தவதான நீ. திமிரு போவல."

"போவல மொதலாளி."

சரண்யாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்பா, அந்த போனைக் குடுத்துத் தொலைங்க. இல்லன்னா நான் நைட்டியோட வந்து பூந்தொட்டில நிக்கறேன். சிங்கப்பூர்ல அதையும் பாக்கட்டும்."

மகளுக்காகக் கொடுத்தாரா, சிங்கப்பூருக்காகக் கொடுத்தாரா தெரியாது. போன் புஷ்பத்தின் கைக்கு வந்தது. அவள் தன் போனைப் பார்த்து எண்ணைப் போட்டாள். ஹபீபுர் ரஹ்மான் அவள் அறைக்கு மேலே மாடியில் ரவிக்கை தைக்கிறவர்.

"பாய், நான் புஷ்பம் பேசறேன். தண்ணி எங்க கீது?"

"எங்கம்மா போய்ட்ட? காலைலேர்ந்து ஒனக்குப் போட்டுக்கினே கீறேன். வாசப்படி ஏறிடுச்சு. ஒன் கதவுக்கு அடியில பூந்துகினு கீது."

"உள்ள போயி பொடவைங்கள மேல தூக்கிடு பாய்."

"பூட்டிக்கினு போய்ட்டியேம்மா."

சுருக்குப்பை சாவியோடு இடுப்பில் கனத்தது. "ஒடைச்சிடு."

"ஒடைக்கலாம். நாளைக்கு ஒரு பொடவை கொறைஞ்சா? எல்லாம் கல்யாண வூட்டுப் பட்டு. நான் பூட்டை ஒடைக்கறத எவனாவது வீடியோ எடுத்தா போதும்மா. என் பேரைப் பாத்துட்டு மீதிக் கதைய அவனே எழுதிக்குவான்."

அதைப் பயம் என்று சொல்கிறவன் அந்தப் பெயரோடு ஒரு நாள் வாழ்ந்து பார்க்க வேண்டும்.

"ஸ்பீக்கர்ல போடு பாய். சந்துல கீறவங்களக் கூப்புடு, அவங்க முன்னால நானே சொல்றேன்."

"கூப்புடறேன். இருந்தாலும், கூட ஒரு பெரிய மனுசன் சொன்னா நல்லது."

புஷ்பம் கனகராஜைப் பார்த்தாள். "மொதலாளி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பூட்டை ஒடைக்கச் சொன்னது நான்தான், நீங்க சாட்சின்னு."

"எனக்கு எதுக்கும்மா ஊர் வம்பு? நாளைக்குப் போலீஸ் கேசுன்னா கடைப் பேரு வரும்."

அப்போதுதான் தேவானைக்கு உறைத்தது. "ஐயய்யோ, நம்ம முகூர்த்தப் பட்டு அங்கதான கெடக்கு."

தை மாதக் கல்யாணத்துக்குச் சரண்யா கட்ட வேண்டிய முகூர்த்தப் பட்டை, முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவதற்காகத் தேவானையே புஷ்பத்திடம் கொடுத்திருந்தாள். கனகராஜ் போனைப் பறித்துக் கத்தினார்.

"ஏய், ஒடைலே. பூட்டு என்ன பூட்டு, கதவையே ஒடை. நான் கனகராஜ் சொல்லுதேன்."

"எந்தக் கனகராஜ் சார்?"

"தி. நகர் கனகராஜ்லே. பட்டுக்கடை."

"எல்லாரும் கேட்டுக்கினீங்களாப்பா?" என்று பாய் சந்துக்குச் சொல்வது கேட்டது. கேட்டோம் என்று நாலைந்து குரல் வந்தது. அப்புறம் இரும்பு அடிக்கும் சத்தம். கதவு தண்ணீரோடு திறக்கும் சத்தம்.

"பீரோல இருக்கறத மொதல்ல எடு," என்றார் கனகராஜ்.

"பீரோ பூட்டிக் கீது சார். சாவி?"

எல்லோரும் தேவானையைப் பார்த்தார்கள். கண்டவர்கள் புடவையோடு தன் மகள் பட்டு கலக்கக் கூடாது என்று, அறையிலிருந்த பழைய இரும்பு பீரோவைக் காலி பண்ணச் சொல்லி, அதன் அடித்தட்டில் தனியாக வைத்துப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். சாவி அவள் கைப்பையில் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் போனுக்குள் திணிக்க முடியுமா என்பதுபோல நின்றாள்.

"அதையும் ஒடைக்கச் சொல்லுங்க," என்றாள்.

புஷ்பம் போனை வாங்கினாள். "பாய், பீரோவை வுடு. இரும்பு, நேரத்தைத் தின்னும். அலமாரில கீழ்த்தட்டுலேர்ந்து எடு. பேரு குத்திக் கீது, கலைச்சிடாத. கைக்குக் கை மாத்தி மேல குடுத்துனு போங்க. எல்லாம் ஏறிச்சின்னா அப்பறம் பீரோவ—"

லைன் போய்விட்டது. மறுபடி போட்டாள், மறுபடி போட்டாள். சுற்றிக்கொண்டே இருந்தது, இணையவில்லை.

சொன்ன சொல்லுக்காக எழுந்து புடவையைக் கட்டினாள். சரிந்த கொசுவத்தைத் தரையில் முழங்காலிட்டு முதலிலிருந்து எடுத்து, ஒரு மடிப்பு கூடக் குறையாமல் கட்டினாள். தேவானை, "நம்மதுக்குக் கடைசியாட்டி? பழி வாங்குதியா?" என்று கேட்டபடியே இருந்தாள். வாயில் ஊக்கு இருந்ததால் புஷ்பம் பதில் சொல்லவில்லை. வெறும் வாயாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

பத்தரைக்குள் நிச்சயதார்த்தம் நடந்தது. மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் பூந்தொட்டி விளிம்பைத் தாண்டி ஆளுக்கு ஒரு கால் மண்ணில் வைத்து நின்றார்கள். கப்பல் அசைந்தபோது மாப்பிள்ளை செடியைப் பிடித்துக்கொண்டான். அந்த மண் எங்கேயிருந்து வந்தது என்று தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனை ஒருவர் கேட்டார். ஸ்ரீபெரும்புதூர் நர்சரி என்றான். அவனை அங்கிருந்து போகச் சொல்லிவிட்டார்கள். தட்டு மாறியது. தோஷம் விலகியது. குளத்தோரம் பாட்டுப் போட்டார்கள்.

நாலாம் நாள் ஊர் திரும்ப வேண்டிய கப்பல் திரும்பவில்லை. சென்னைத் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றி, உள்ளே நின்ற கப்பல்களையே கடலுக்கு விரட்டிவிட்டார்கள் என்று ஷோயப் சொன்னான். வெயிலில், பஃபே வரிசையில், தட்டோடு நின்றவர்கள் பேசுவது புஷ்பத்தின் காதில் விழுந்தது.

"ஊர்ல கரண்ட் இல்லியாம். நல்ல வேளை நாம இங்க மாட்டிக்கிட்டோம்."

"அதுக்காக ஐஸ்கிரீமுக்கு இவ்வளவு க்யூவா?"

அவள் சாப்பிடவில்லை என்றெல்லாம் இல்லை. சாப்பிட்டாள். எந்தத் தட்டு முதலில் காலியாகியிருக்கும், எது நனைந்திருக்கும் என்று மனசுக்குள் அலமாரியை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக எடுத்து எடுத்து வைத்தபடி சாப்பிட்டாள். பாயின் எண் கிடைக்கவே இல்லை.

துறைமுகம் திறந்து கப்பல் கரை சேர்ந்ததும் கனகராஜ் குடும்பத்துக் கார் நேராக ராயப்பேட்டைக்கு வந்தது. புஷ்பத்தை வீட்டில் விடும் கரிசனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சந்து முனையில் கார் நின்றுவிட்டது, உள்ளே இன்னும் கணுக்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். புஷ்பம் இறங்கி நடந்தாள். பின்னால் தேவானை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

அறைக் கதவு கீலிலிருந்து தொங்கியது. சுவரில் இடுப்புக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்ற கறுப்புக் கோடு. அலமாரி வெறுமையாக இருந்தது. மாடிப்படியில் பாயின் தலை தெரிந்தது.

"மேல வாம்மா. என் வூட்ல எனக்குப் படுக்க எடம் இல்ல, எல்லாம் ஒன் பொடவைதான். கீழ்த்தட்டுல ரெண்டு மட்டும் ஓரம் நனைஞ்சிடுச்சு. மத்ததெல்லாம் அப்படியே கீது."

வெட்டும் மேசை, தையல் மெஷின், கட்டில், ஜன்னல் விளிம்பு எங்கும் பெட்டி மடிப்புகள், ஒவ்வொன்றிலும் பெயர் குத்தியபடி. நனைந்த இரண்டும் கொடியில் பிரிந்து தொங்கின. புஷ்பம் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள், விளிம்பில் சாயம் லேசாக இறங்கியிருந்தது. உள்மடிப்பில் போய்விடும், கட்டினால் தெரியாது. தெரியாவிட்டாலும் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தாள். அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.

கீழே பீரோவைத் தேவானையே திறந்தாள். அடித்தட்டிலிருந்து பழுப்புத் தண்ணீர் அவள் பாதத்தில் கொட்டியது. அரக்குக் கரையின் சாயம் சந்தன நிற உடலெங்கும் வழிந்து கிடந்தது. ஈரப் பட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் மாடி ஏறினாள்.

"பாருட்டி நீ செஞ்ச வேலைய. இதுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"சாவி யாராண்ட இருந்துச்சும்மா?"

தேவானையின் குரல் இறங்கியது. "இத ஏதாவது பண்ண முடியுமான்னு பாரு. ஒனக்குத்தான் கை வரும்."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, வேலை முடிந்து சீருடையோடு, அவள் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். மூவர் முகத்திலும் ஒரே பயம்.

"அக்கா, என் பொடவை?" என்றாள் நர்ஸ்.

"கீது. உள்ள வா."

"எங்களத மொதல்ல பாருட்டி," என்றாள் தேவானை. "நான் முன்னாலயே வந்துட்டேன்லா?"

"ஒங்களுது தை மாசம்தான? இவங்களுக்கு இந்த ஞாயித்துக்கெழம." புஷ்பம் மேசையில் பெயர்களைத் தேடத் தொடங்கினாள். "நடு வழில நிக்காதீங்கம்மா, பின்னால வர்றவங்களுக்கு எடம் வுடுங்க. பாய், அந்த ஈரத்த வாங்கித் தனியா தொங்கப் போடு, மத்ததுல படாம."

தேவானை சுவரோரம் ஒதுங்கினாள். உட்காரக் கட்டிலில் இடமில்லை, நாற்காலியில் டீச்சரின் பட்டு இருந்தது. பின்னும் ஆட்கள் படியேறி வந்தபடி இருந்தார்கள். தன் முறை வரும்வரை அவள் நின்றாள்.